சர்ப்பஞ்சு சாப்பிடவில்லை

திருப்பதி மாட்டாஸ்பத்திரிக்கு நீ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தபோது, நான் வெளி பெஞ்சில் மொட்டைத் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்கு மூடியிருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். வெயிலுக்கு இல்லை மகனே, வெட்கத்துக்கு. நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே நடந்ததை நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. "டாக்டரம்மா பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லயாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சீட்டு எழுதுகிற பெண் "பேரு?" என்று கேட்டதும் நான் "சர்ப்பஞ்சு" என்று சொன்னதும், அந்தப் பெண் சடக்கென்று எழுந்து நின்று, "ஏ ஊரு சர்ப்பஞ்ச் அண்டி மீரு?" என்று மரியாதையாகக் கேட்டதும் உனக்குத் தெரியும், அதை அப்புறம் சொன்னேன். எந்த ஊருக்கும் நான் தலைவன் இல்லை, அது காலடியில் நிற்கிற நாயின் பெயர் என்று காட்டினேன். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டது. அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் மறைத்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். நான் நாமமும் மொட்டையுமாக அவர் முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த தெலுங்கில், பிள்ளை அன்னத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான், கல்யாணம் ஆகி எசமான் ஊரை விட்டுப் போன ஏக்கம், மூக்கு வேறு காய்ந்து கிடக்கிறது, பிழைப்பானா தாயே என்று கேட்டேன். அவர் சர்ப்பஞ்சை எடை மெஷினில் ஏற்றினார். போன தடவை ஊசி போட்ட அட்டையைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார். "பெரிகாடு" என்றார். கூடியிருக்கிறானாம். அப்புறம் வாயைத் திறந்து, ஈறைத் தூக்கி, கடைவாய்ப் பல் இடுக்கிலிருந்து இரண்டு விரலால் எதையோ இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரு கோழி இறகு. "இண்ட்லோ சிக்கன் சேசாரா?" வீட்டில் கோழி சமைத்தீர்களா என்று, என் நாமத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பின்னால் ஆட்டுக்குட்டியோடு நின்ற அம்மா முதலில் சிரித்தாள், அப்புறம் அந்த அறையே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்து, அவனுக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். துண்டை அப்போதுதான் தலையில் போட்டேன்.

நடந்தது இதுதான். புரட்டாசி பிறந்தால் நம் வீட்டில் முட்டை ஓடுகூட உள்ளே வராது என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணம் நல்லபடி முடிந்தால் மலையில் முடி கொடுப்பதாக வேண்டியிருந்ததால், இந்த வருஷம் எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். நான் சுத்தமாக இருக்கும்போது வீட்டு நாய் மட்டும் கவுச்சி தின்றால் விரதம் பாதிதானே என்று, சர்ப்பஞ்சுக்கும் தயிர்சாதம் என்று சட்டம் போட்டேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். என் மொட்டையைப் பார்த்தான். எழுந்து போய்விட்டான். உன் அம்மா, "ஒன் மொட்டயப் பாத்து பயந்துக்கினு துன்ன மாட்டேங்குது. முடி மொளைக்கிற வரைக்கும் நீ பின்னாடியே இரு, நான் போடறேன்" என்றாள். அவள் போட்டும் தொடவில்லை. அப்புறம்தான் எனக்கு உன் ஏக்கம் என்று தோன்றி, பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி வண்டியைக் கெஞ்சி, காலிப் பெட்டிகளுக்கு நடுவில் அவனை உட்கார வைத்துத் திருப்பதிக்குக் கிளம்பினேன். நம் தெருமுனைக் கோழிக்கடை மஸ்தானைத் திரும்பி வந்த பிறகுதான் விசாரித்தேன். "பொரட்டாசி உங்களுக்குத்தானண்ணே, அவனுக்கு இன்னா? ஒங்க ஆளுங்க ஒருத்தரும் கடப் பக்கமே வரல, கழுத்தும் தோலும் மிஞ்சிப் போவுது. காலைல கட தொறக்க சொல்லோ மொத கிராக்கியே அவன்தான்" என்றான். ஊரே விரதம் இருந்த மாதத்தில் நம் புத்தலப்பட்டிலேயே நன்றாகச் சாப்பிட்ட ஆள் சர்ப்பஞ்சு ஒருவன்தான்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாய். கீழ்ப்பகுதி வீடு கிடைத்துவிட்டது, வீட்டுக்காரரும் நாய் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார் என்று நீ போனில் சொன்னபோது, "அப்பாடா, தொல்ல வுட்டுது" என்று நான்தான் சொன்னேன். சொன்னதை மாற்றப் போவதில்லை. அவன் உன் நாய். ஆனால் புது ஊரில், புது வீட்டில், அவன் நன்றாக இருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்கிற வேலை இனி உன்னுடையது. அதில் நான் செய்த முட்டாள்தனங்களை நீயும் முதலிலிருந்து செய்ய வேண்டாமே என்றுதான். போனில் சொன்னால் நீ "சரி நைனா, சரி நைனா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதற்குக் காரணமும் நான்தான், ஊரோடு ஒத்துப் போகட்டும் என்று தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் போட்டேன். பரவாயில்லை, மெதுவாகப் படி. நகரிப் பக்கத்தில் எட்டாவதோடு நிறுத்தியவன் எழுதுகிறேன், நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பெருமையை உடைத்துவிடுகிறேன். மாடு வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள் என்பது உண்மைதான். மாட்டின் மூக்கில் முத்து முத்தாக ஈரம் நிற்க வேண்டும். காது ஆட வேண்டும், அசை போட வேண்டும், தோல் மினுக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தே சொல்வேன். அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாயைப் பார்த்ததுதான் என் தப்பு. சர்ப்பஞ்சு மத்தியானத்தில் நடுரோட்டில் படுத்து, பஸ்ஸே சுற்றிப் போகிற மாதிரி தூங்கி எழுவான், அதனால்தானே அந்தப் பெயரே வந்தது. சுடுகிற இடத்தில் தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்துதான் இருக்கும், தண்ணீர் குடித்து நக்கிக்கொண்டால் ஈரமாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு நாளைக்குள்ளேயே அது மாறி மாறித்தான் இருக்குமாம். அதனால் மூக்கை மட்டும் தொட்டுப் பார்த்துப் பயப்படாதே. மூக்கு வெடித்துப் புண்ணாகியிருந்தாலோ, சளி மாதிரி கெட்டியாக ஒழுகினாலோ அப்போது பயப்படு. இன்னொன்று, தொட்டால் சுடுகிறதே என்றும் பயப்படாதே. நாயின் உடம்புச் சூடே நம்மைவிடக் கொஞ்சம் கூட. நான் அவன் வயிற்றில் கை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டி, ஈரத்துணி போட்டேன், அவன் அதைக் கடித்துக் கிழித்து விளையாடினான். காய்ச்சல்காரன் துணியைக் கிழித்து விளையாடுவானா என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்காதவன் என்பதற்கு இது முதல் சாட்சியும் இல்லை. பெங்களூரு வேலை போய் நீ வீட்டுக்கு வந்தாயே, அந்த வருஷம், மாங்காய் சீசன் முடிகிற நேரம். உன் அம்மா உன்னைத் தள்ளி விடாத குறையாக மண்டிப் பக்கம் ஏதோ வாங்க அனுப்பினாள். நீ சாமானை மறந்துவிட்டு, சட்டைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வந்தாய். நான் வாசலிலேயே நிறுத்தினேன். "மாடு பால் குடுக்கும், கோழி முட்ட குடுக்கும். இது இன்னாடா குடுக்கும்?" என்றேன். நீ குட்டியைப் பார்த்துக்கொண்டே, "தெரியல நைனா. பாக்கலாம்" என்றாய். நீ வந்த நாளிலிருந்து வரப்போகிற எதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசினவன் இல்லை. "பாக்கலாம்" என்பதே பெரிய வார்த்தை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வழி விட்டேன். விட்டதோடு நிற்காமல், மாடு பார்க்கிறவன் என்ற திமிரில் குட்டியைத் தூக்கிப் பார்த்து, "வயிறப் பாரு, கொழுகொழுன்னு கீது. நல்ல ஜாதி" என்று தீர்ப்பும் சொன்னேன். மறுநாள் நம்மூர் மாட்டு டாக்டர் அதே வயிற்றைத் தட்டிப் பார்த்து, முழுக்கப் பூச்சி என்றார். குட்டிக்கு வயிறு மட்டும் பானையாகி, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அது கொழுப்பு இல்லை, பூச்சி. அதற்கு அப்புறம் பூச்சி மருந்தும் வெறிநாய் ஊசியும் தவறவிட்டதில்லை. அட்டையை நீ வரும்போது உன் கையில் கொடுப்பாள் அம்மா, அடுத்தது எப்போது என்று அதில் இருக்கிறது.

நன்றாக இருக்கிற நாயின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் காட்டினார். விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்ளே ஒடுங்க வேண்டும். சர்ப்பஞ்சுக்கு இப்போது இடுப்பு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை, மஸ்தான் புண்ணியம். நீ நடத்திக் கூட்டிப் போனால் ஒரு மாதத்தில் இறங்கிவிடும். மயிர் மினுமினுவென்று படிந்திருக்க வேண்டும், திட்டுத் திட்டாக உதிரக் கூடாது. காதைத் திருப்பிப் பார், உள்ளே சுத்தமாக, வாடை இல்லாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் காது மடிப்பிலும் விரல் சந்திலும்தான் உண்ணி ஒளிந்துகொள்ளும், அங்கே விரல் விட்டுத் தேடு. உதட்டைத் தூக்கி ஈறைப் பார், ரோஸாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் உடனே நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தாலோ மஞ்சளித்தாலோ தாமதிக்காதே. இவனுக்கு ஈறில் ஒரு பக்கம் கறுப்புத் திட்டு பிறவியிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு என்னை மாதிரி தக்காளி வண்டி தேடாதே. அவன் வெளிக்குப் போவதையும் பார்க்கத்தான் வேண்டும். நீ முகம் சுளிப்பாய், மருமகள் அதைவிடச் சுளிப்பாள், ஆனால் சாணியைப் பார்க்காமல் எவனும் மாடு வளர்த்ததில்லை. உருட்டி எடுக்கிற மாதிரி கெட்டியாக இருந்தால் கவலையில்லை.

இதெல்லாம் ஆஸ்பத்திரியில் கற்றது. ஆஸ்பத்திரிக்குப் போகாமலே எனக்குத் தெரிந்த சில அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த வருஷத்துக்கே திரும்பிப் போக வேண்டும். நீ உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். தட்டைக் கொண்டுவந்து வைத்தால் பாதி அப்படியே இருக்கும். ராத்திரியில் தூங்காமல் பகலில் தூங்குவாய், அது தூக்கமா என்றும் தெரியாது. எனக்கு உன்னிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. மாட்டிடம் யாரும் "உனக்கு என்ன" என்று கேட்பதில்லை, பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் எனக்கு வந்த வித்தை. பெற்ற பிள்ளையை அப்படி உற்று உற்றுப் பார்த்தால் நீ எழுந்து போய்விடுவாய். அதனால் நான் உன் காலடியில் படுத்திருந்த குட்டியைப் பார்ப்பதாக நடிப்பேன். ஒரு தடவை நீ கண்டுபிடித்துக்கூட விட்டாய். "நைனா, நாயி இங்க கீது, நீ எங்க பாக்குற?" என்றாய். "ரெண்டும் ஒண்ணுதான், படு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. நன்றாக இருக்கிற நாய் தட்டு சத்தம் கேட்டால் வரும், மிச்சம் வைக்காது. சாப்பிட்ட பிறகு நிம்மதியாகத் தூங்கும், தூக்கத்தில் கால் உதறும், எழுந்ததும் முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும். உடம்புக்கு ஆகாத நாய் சோம்பல் முறிக்காது, அப்படியே எழுந்து அப்படியே வேறு மூலையில் போய்ப் படுக்கும். கேட் சத்தத்துக்கு முதலில் காது திரும்பும், அப்புறம் தலை, அப்புறம்தான் உடம்பு. காதே திரும்பவில்லை என்றால் விசாரிக்க வேண்டும். கண் தெளிவாக, பீளை கட்டாமல், எதிரில் இருப்பவனைப் பார்க்கும். புதுசாக எதைக் கண்டாலும் போய் மோந்து பார்க்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, தன் வழக்கத்தை விடாது. சர்ப்பஞ்சு காலையில் புளியமரம் வரை போய்த் திரும்புவான் என்றால் மழையிலும் போவான். ஒரு நாள் போகாவிட்டால் சரி. தொடர்ந்து போகாவிட்டால் எங்கோ வலிக்கிறது என்று அர்த்தம். நாய் தன் வலியைச் சொல்லாது, மறைக்கும். வழக்கம் மாறுவதுதான் அது பேசுகிற பேச்சு.

இந்த அடையாளங்களை வைத்துத்தான் அந்த மழைக்காலத்தை ஓட்டினேன். குட்டி உன்னை விடவில்லை. காலையில் உன் போர்வையை இழுக்கும், நீ வெளியே கூட்டிப் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் உன் அம்மாவின் புதுப் பாயில் வேலையை முடித்துவிடும். "ஒன் நாயி, நீயே தொடை" என்று அவள் துணியைத் தூக்கி உன் மேல் போடுவாள். முதலில் கேட் வரை போனீர்கள். அப்புறம் புளியமரம் வரை. அப்புறம் ஒரு நாள் ரெண்டு பேரும் ஹைவே டீக்கடை வரை போய், நீ டீ குடித்துவிட்டு, அவனுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாய். டீக்கடைக்காரர் அன்று மாலை என்னிடம், "இன்னாய்யா, ஒம் புள்ள இன்னிக்கு சர்க்கர கம்மின்னு சண்ட போட்டுச்சு" என்று குறை சொன்னார். அவரிடம் நான் கோபப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, உன் அம்மாவிடம் சொன்னேன். ருசி தெரிகிறது என்றால் நாக்குக்கு உயிர் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். அவள் அன்று ராகி சங்கடிக் களி கிண்டி, நாட்டுக்கோழி அடித்தாள். நீ இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். எலும்பை நாய்க்குப் போடப் போனாய், நான் தடுக்கவில்லை. இப்போது தடுக்கிறேன், வேக வைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்துமாம். அன்றைக்கு மலையப்பன் காப்பாற்றியிருக்கிறான்.

திருப்பதி வீட்டுக்கு வந்த புதிதில் அவன் சாப்பிட மாட்டான். நீயும் தெருமுனையில் கோழிக்கடை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படு. கடை இல்லாவிட்டாலும் உடனே பதறாதே, இடம் மாறினால் மனிதனுக்கே சோறு இறங்காது. தண்ணீர் குடிக்கிறானா, கண் தெளிவாக இருக்கிறதா, உன் பின்னாலேயே சுற்றுகிறானா பார். வாந்தி, வயிற்றுப்போக்கு சேர்ந்தாலோ, தண்ணீரையும் ஒதுக்கினாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ மட்டும் தூக்கிக்கொண்டு ஓடு. அவனுடைய பழைய சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோ, உன் அம்மா துவைக்கிறேன் என்று நிற்கிறாள், நான் ஒளித்து வைத்திருக்கிறேன். அந்த நாற்றம்தான் அவனுக்கு ஊர். தார் ரோட்டில் வெயில் ஏறுவதற்கு முன்னால் நடத்து, உன் புறங்கையை ரோட்டில் வைத்துப் பார், உனக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும். தீபாவளி வருகிறது, வெடிச் சத்தத்துக்கு நடுங்குவான், அது நோய் இல்லை, கட்டிலுக்கு அடியில் இடம் கொடு. உன் மனைவியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சந்திரகிரிப் பெண், முதல் தடவை இங்கே வந்தபோதே, "மாமய்யா, மீ சர்ப்பஞ்ச் நா செப்பு எத்துக்கெள்ளாடு" என்று செருப்புத் தூக்கினவனைச் சிரித்துக்கொண்டே துரத்தினவள். ஆனால் ஒரு விஷயம் முன்கூட்டியே பேசி முடித்துவிடு. நமக்குப் புரட்டாசி. அவர்கள் வீட்டில் கார்த்திகை மாசம் முழுக்கக் கவுச்சி தொட மாட்டார்கள். உங்கள் ரெண்டு பேரின் பக்தியும் அவன் தட்டில் வந்து விழுந்தால் வருஷத்தில் ரெண்டு மாசம் அவன் தெருத் தெருவாகக் கோழிக்கடை தேட வேண்டியதுதான். பெருமாளும் சிவனும் அவனை மன்னித்துவிடுவார்கள். அவனுக்கு முட்டை போடு.

எங்களைப் பற்றிக் கேட்பாய். டாக்டரம்மா என்னைக் கேட்ட கேள்வியை வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "நல்லா கேட்டாங்க. நாயி துன்னலன்னு நீயும் பாதியில எழுந்துடற, நீ துன்னலன்னு நானும் எழுந்துடறேன். இங்க ஒழுங்கா துன்னது அந்தக் கள்ளன் ஒருத்தன்தான்" என்றாள். அன்று இரவு ரெண்டு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம். சர்ப்பஞ்சு போன பிறகு பசுமாட்டுக் கன்று ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அது செருப்பைத் தூக்காது, அது ஒன்றுதான் குறை.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து எதிர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோமே. சர்ப்பஞ்சை உன் வண்டியில் கட்டிவிட்டு, நீ கை கழுவி வந்து உட்கார்ந்தாய். பொங்கல் வந்தது, முடித்தாய். தோசை சொன்னாய், அதையும் முடித்து, சட்னியில் உப்பு கம்மி என்று சர்வரிடம் சண்டை போட்டாய். சீட்டு எழுதுகிற பெண் எழுந்து நின்ற கதையை நான் சொன்னதும் புரை ஏறும் அளவுக்குச் சிரித்தாய், ஈறு தெரிந்தது, ரோஸாக இருந்தது. போன் அடித்தபோது, யார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே உன் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த களைப்பில் இரண்டு கையையும் மேலே தூக்கி, நாற்காலி கிறீச்சிட, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தாய். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "இன்னா நைனா, என்னயே பாத்துக்கினு கீற?" என்றாய்.

"ஒண்ணும் இல்ல. நாயி நல்லா கீது. கெளம்பலாம்" என்றேன்.

அந்தப் பேச்சில் பாதி என் வாயிலேயே நின்றுவிட்டது. தக்காளி வண்டி சந்திரகிரி தாண்டும் வரை அங்கேயே இருந்தது, பக்கத்தில் காற்றுக்கு முகத்தை நீட்டிக்கொண்டு வந்த சர்ப்பஞ்சிடம்கூட நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், எழுத்துக் கூட்டியே படி.

நீயும் நல்லா கீறடா.